பஞ்சர்ப் பையைப் பரிகசிப்பவர்களுக்கு

சைக்கிள் சீட்டின் அடியில் ஒரு சிறு பையைக் கட்டித் தொங்கவிட்டு, அதனுள் டயரைக் கழற்றும் லீவர் இரண்டும், ஒட்டுத் துண்டுகள் சிலவும், சிறு குழலில் அடைத்த சொல்யூஷனும், ஒரு துணுக்கு உப்புத்தாளும் போட்டுக்கொண்டு, சட்டத்தின் ஓரமாக ஒரு கைப் பம்பையும் மாட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் புறப்படுகிறவரைப் பார்த்தால், நம் ஊரில் பலருக்கு இரக்கம் கலந்த ஒரு சிரிப்பு வந்துவிடுகிறது. ‘எதுக்கு சார் இதெல்லாம்? இமயமலைக்கா போறீங்க?’ என்று கேட்பவர் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. அவர் ஒரு கட்சியைப் பேசுகிறார். அந்தக் கட்சிக்கு இன்றைக்கு நாட்டில் செல்வாக்கு மிகுதி. சைக்கிள் ஓட்டும் படித்தவர்களில் பெரும்பாலோரும், பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கித் தரும் பெற்றோர்களும், சைக்கிளை விற்கிற வியாபாரிகளில் பலருமேகூட அக்கட்சியைச் சார்ந்தவர்களாக இருக்கிறார்கள். ஆகையால் அதை அசட்டையாகத் தள்ளிவிடாமல், அதற்குரிய மரியாதையோடு எடுத்து நிறுத்தி மறுப்பதுதான் முறை.

பூர்வபட்சத்தை அதன் முழு பலத்தோடு சொல்லிவிடுகிறேன். பஞ்சர் என்பது எப்போதோ நேர்வது. நேர்ந்தாலும் கூப்பிடு தூரத்தில் கடை உண்டு. கடை இல்லாவிட்டால் சட்டைப் பையில் போன் உண்டு. போனுக்கும் வேலை வைக்காத டயர்கள் இப்போது வந்துவிட்டன. இவ்வளவுக்கும் மேலாக, பஞ்சர் ஒட்டுவது கற்றுத் தேர்ந்தவன் செய்ய வேண்டிய வேலையாகையால், அதில் நாம் புகுந்தால் கையும் அழுக்காகி, வேலையும் கெட்டு, அதை நம்பி ஜீவனம் செய்பவனுடைய வயிற்றிலும் அடித்தவர்களாவோம். இவற்றைத் தனித்தனியே பார்க்கும்போது ஒவ்வொன்றும் நியாயமாகவே தோன்றும். ஆனால் எல்லாவற்றையும் ஒருங்கே நிறுத்திப் பார்த்தால், இவை அனைத்துக்கும் அடியில் ஒரே ஓர் அனுமானம் கிடப்பது புலப்படும்: நான் வழியில் நின்றுபோகிற அந்த நேரத்தில், எனக்கென்று வேறொருவர் எங்கோ விழித்திருந்து, வேறு வேலையில்லாமல், நான் வருவேன் என்று காத்துக்கொண்டிருக்கிறார் என்பதே அந்த அனுமானம். அது பொய்யென்பதை விளங்கச் செய்வதே என் நோக்கம்.

கடையை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் இந்த வாதத்துக்கு ஆதாரம் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. புளியமரத்து வேரடியில் ஒரு சாக்கை விரித்து, தண்ணீர் நிறைந்த பழைய பேசினையும், நின்றுகொண்டு அடிக்கும் பெரிய பம்பையும், வால்டியூப் துண்டுகள் போட்ட ஒரு டப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காலை முதல் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்த மனிதரை அநேகமாக ஒவ்வொரு முக்கிலும் காண முடிந்தது. மணிக் கணக்கில் சைக்கிளை வாடகைக்கு விட்ட கடைகளிலும் இந்த வேலை நடந்தது. அவர்கள் எண்ணிக்கை குறைந்தது யாருடைய குற்றம் என்பதைப் பின்னால் பேசுவோம். இன்றைக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் பழைய லாரி டயர் ஒன்றை நிறுத்தி, அதன்மேல் வெள்ளைச் சாயத்தால் ‘பஞ்சர்’ என்று எழுதியிருக்கிறதே, அந்த இடத்துக்கு ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்ப் பாருங்கள். அங்கே இருப்பவருடைய தொழில் லாரியையும் காரையும், டியூப் இல்லாத மோட்டார் சைக்கிள் டயரையும் சார்ந்தது. டயரின் வெளிப்புறத்திலிருந்தே ஊசியால் குத்தி, பிசினேறிய திரியை உள்ளே செருகி, நீட்டிக்கொண்டிருப்பதை நறுக்கிவிட்டுக் காசு வாங்குவதில் அவர் சமர்த்தர். அந்தத் திரி சைக்கிள் டியூபுக்கு ஒரு நாளும் உதவாது. அவருடைய காற்று யந்திரத்தின் முனை பெரும்பாலும் மோட்டார் வாகனங்களுக்குரிய ஷ்ரேடர் வால்வில்தான் பொருந்தும். நம் பழைய கறுப்புச் சைக்கிளின் வால்டியூப் வால்வுக்கும், மெல்லிய சக்கரம் கொண்ட புதுவகைச் சைக்கிள்களில் வரும் பிரெஸ்டா வால்வுக்கும், ஒரு சிறு பித்தளைத் துண்டை இடையே மாட்டினாலொழிய அது பொருந்தாது. 700சி என்று அளவிட்ட டியூப் ஒன்று கொடுங்கள் என்று கேட்டால் அவர் நம்மை விநோதமாகப் பார்ப்பார்; அதில் அவர்மேல் தவறு ஒன்றும் இல்லை. சிலர் தயவுள்ளவர்கள், கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு நம் டியூபை ஒட்டியும் கொடுப்பார்கள். ஆனால் ஒருவருடைய தயவை எதிர்பார்த்துப் பிரயாணத்தை ஆரம்பிப்பதற்குப் பெயர் சௌகரியம் அல்லவே.

கடை எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிலும், எப்போது திறந்திருக்கிறது என்பது முக்கியமான கேள்வி. சைக்கிளுக்குரிய வேளை விடியற்காலை. சென்னையிலிருந்து மாமல்லபுரம் நோக்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிறுதோறும் போகிறவர்கள் கிழக்கு வெளுக்குமுன் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் வீடு திரும்புகிறவர்கள். அவர்கள் பிரயாணம் முடிந்த பிறகுதான் பஞ்சர் கடையின் கதவு திறக்கும். அவர்களையாவது பொழுதுபோக்கிகள் என்று ஒதுக்கிவிடலாம். கைப்பிடியிலும் கேரியரிலும் கட்டுக் கட்டாகப் பத்திரிகைகளை ஏற்றிக்கொண்டு ஐந்து மணிக்குத் தெருத் தெருவாகப் போகிற பையனையும், கேனைத் தொங்கவிட்டுக்கொண்டு போகிற பால்காரரையும், இரவு முழுவதும் விழித்திருந்துவிட்டு வீடு திரும்பும் காவலாளியையும் அப்படி ஒதுக்க முடியுமா? இவர்களுக்கு ஒரு பஞ்சர் என்பது அன்றைய கூலியில் ஒரு பகுதி. இவர்களிடம் போய், ‘ஒன்பது மணிக்குக் கடை திறப்பார்கள், ஒட்டிக்கொள்ளலாம்’ என்று சொல்பவர், தம் சொந்த வாழ்க்கையில் ஒரு நாளும் ஐந்து மணிக்குச் சைக்கிளில் ஏறியவராக இருக்க மாட்டார்.

‘கடை வரைக்கும் தள்ளிக்கொண்டு போனால் போகிறது’ என்ற சமாதானத்திலும் ஒரு விபரீதம் ஒளிந்திருக்கிறது. தள்ளிக்கொண்டு போவதாகச் சொல்பவர்களில் பலர் உண்மையில் தள்ளுவதில்லை. கொஞ்ச தூரம் தள்ளியதும் அலுத்துப்போய், காற்றில்லாத சக்கரத்தின் மேலேயே ஏறி மெதுவாக மிதிக்க ஆரம்பிக்கிறார்கள். அப்போது நிகழ்வது என்னவெனில், காற்றின் அழுத்தம் இல்லாமையால் டயர் ரிம்மின்மேல் சிறிது சிறிதாக நகர்கிறது. அதோடு சேர்ந்து டியூபும் இழுபடுகிறது. வால்வோ ரிம்மின் துவாரத்தில் அசையாமல் நிற்கிறது. முடிவில் டியூப் வால்வின் அடியிலேயே கிழிந்துபோகிறது. ஒரு முள் குத்திய துவாரம், சுண்டுவிரல் நகமளவு ஒட்டினால் அடைபடக்கூடியது, எந்த ஒட்டுக்கும் வசப்படாத கிழிசலாக மாறி, புது டியூபுக்குச் செலவு வைக்கிறது. கேரியரில் சுமை இருந்தால் ரிம்மின் ஓரம் டயரையும் நறுக்கிவிடும். பையில் இருந்திருக்க வேண்டிய சாமான்களின் விலை, இப்படிப் போகும் ஒரு டியூபின் விலையைவிட அதிகமாக இராது.

எப்போதோ நேர்வது என்பதற்கும் ஒரு வார்த்தை. சைக்கிளின் மற்ற அங்கங்கள் எல்லாம் கெடுவதற்குமுன் நமக்குத் தகவல் கொடுக்கின்றன. செயின் கிறீச்சிடுகிறது, பிரேக்குக் கட்டை தேய்ந்து சத்தமிடுகிறது, பெடல் ஆடத் தொடங்குகிறது, அப்புறமும் வாரக் கணக்கில் ஓடுகிறது. முன்னறிவிப்பே இல்லாமல் வண்டியை அந்த க்ஷணத்திலேயே நிறுத்திவிடும் வல்லமை பஞ்சருக்கு மாத்திரம் உண்டு. அன்றியும், எப்போதோ என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். ராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமத்துச் சாலைகளில், இருபுறமும் சீமைக்கருவேலம் வளர்ந்து, வெட்டிய கிளைகளைச் சுமந்துபோகும் வண்டிகளிலிருந்து முள் சிதறிக் கிடக்கும் இடங்களில், பஞ்சர் அபூர்வம் என்று சொன்னால் அந்த ஊர்ப் பிள்ளைகள் சிரிப்பார்கள். நெருஞ்சியும் சாமானியமல்ல, அமெரிக்காவின் மேற்குப் பிராந்தியங்களுக்குப் போய்ச் சேர்ந்த அதே நெருஞ்சி, அங்கே சைக்கிள்காரர்களுக்கெல்லாம் முதல் சத்துருவாக விளங்குகிறது. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் வழங்கும் விலையில்லா மிதிவண்டியில் ஏறி, இந்த முட்களைத் தாண்டி, மேல்நிலைப் பள்ளி இருக்கும் பெரிய ஊருக்குப் போய்வருகிற மாணவிகளைப் பற்றி, கடைத்தெருவிலேயே வசிக்கும் விமரிசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

போனைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. அது யாரையாவது கூப்பிடும் கருவி. என் சக்கரத்தில் ஏறிய முள்ளை மைத்துனருடைய ஞாயிற்றுக்கிழமையில் ஏற்றி வைப்பதற்கு அது உத்தமமான சாதனம். ஆயினும் ஒரு விஷயத்தை இங்கே ஞாபகப்படுத்தாமல் இருக்க முடியவில்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வாயிலாக ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். பஸ் வருமா என்று நிற்காமலும், தகப்பனோ அண்ணனோ கணவனோ கொண்டுபோய் விடுவார்களா என்று முகம் பார்க்காமலும், நினைத்த நேரத்தில் நினைத்த இடத்துக்குப் போய்வரலாம் என்பதே அவர்கள் அந்த வண்டியில் கண்ட பேறு. அப்படிப் பெற்ற சுயாதீனத்தை, ஒரு முள் குத்தியவுடனே ‘அண்ணே, கொஞ்சம் வந்து கூட்டிட்டுப் போங்க’ என்று போனில் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்வது எந்த நியாயம்? பெண்பிள்ளைக்கு இதெல்லாம் ஆகாது என்பவர்கள்தாம், அவளுக்கு இதைக் கற்றுக்கொடுப்பதில் எல்லோருக்கும் முந்த வேண்டியவர்கள்.

பஞ்சரே ஆகாத டயர்கள் என்ற பேச்சையும் விரைவில் முடித்துவிடலாம். காற்றே இல்லாத கெட்டி ரப்பர் டயர், காற்றடைத்த டயர் பிறப்பதற்கு முன்னால் உலகம் முழுவதும் இருந்ததுதான். சாலையின் ஒவ்வொரு கல்லையும் முதுகெலும்புக்கு அறிவிக்கும் அந்த டயரிலிருந்து தப்பித்தது பெரிய முன்னேற்றமாகக் கொண்டாடப்பட்டது. டியூப் இல்லாமல் உள்ளே பால்போன்ற திரவத்தை ஊற்றி ஓட்டும் முறையில் உண்மையான நன்மை உண்டு. சிறு துவாரங்களை அது தானே அடைத்துக்கொள்ளும். ஆனால் அத்திரவம் சில மாதங்களில் உலர்ந்துவிடும், நம் வெயிலில் இன்னும் சீக்கிரமாகவே. பெரிய வெட்டு விழுந்தால் அடைக்காது. அதனால் அம்முறையைக் கையாளும் விவரமறிந்தவர்கள் திரியும் ஊசியும் ஒரு மாற்று டியூபும் பம்பும் சுமந்துகொண்டுதான் போகிறார்கள். பையை ஒழிக்க வந்ததாகச் சொல்லப்பட்ட கண்டுபிடிப்பு, பையைச் சற்றுப் பெரிதாக்கியதோடு நின்றுவிட்டது.

இனி, என் கட்சிக்கு ஆதாரமாக உள்ள பிரமாணங்களில் தலையாயதைச் சொல்கிறேன். டயரின் சரித்திரமே அது. காற்றடைத்த டயருக்கு ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வில்லியம் தாம்ஸன் 1845-லேயே உரிமம் பெற்றிருந்தும் உலகம் அதை மறந்துபோயிற்று; பெல்பாஸ்ட் நகரில் கால்நடை வைத்தியராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கரச் சைக்கிளில் செய்து பார்த்த பரீட்சையைக் கொண்டு 1888-ல் மறுபடியும் உரிமம் பெற்ற பிறகுதான் அது நிலைபெற்றது. ஆனால் டன்லப்பின் டயர் சக்கரத்தோடு சேர்த்துப் பசையால் ஒட்டப்பட்டது. அதனுள் ஓர் ஓட்டை விழுந்துவிட்டால், பிரித்தெடுத்து, அடைத்து, மறுபடியும் ஒட்டிக் காயவைக்கும்வரை சைக்கிளுக்குச் சொந்தக்காரர் நடந்துதான் போக வேண்டும். 1889-ல் பிரான்ஸில் கிளெர்மோன்-பெரான் என்னும் ஊரிலிருந்த மிஷ்லன் சகோதரர்களின் ரப்பர்த் தொழிற்சாலைக்கு அப்படிப் பஞ்சரான ஒரு சைக்கிள் வந்துசேர்ந்தது. அதைச் செப்பனிட மூன்று மணி நேரத்துக்குமேல் பிடித்தது, பசை காய்வதற்கு ஓர் இரவு பிடித்தது, அவ்வளவுக்கும் பிறகு மறுநாள் எதுவார் மிஷ்லன் ஏறி ஓட்டிப் பார்த்தபோது சில நூறு மீட்டர் போவதற்குள் காற்று மீண்டும் இறங்கியது. காற்றடைத்த டயரின் சுகத்தையும், அதைப் பழுதுபார்க்கும் துன்பத்தையும் ஒரே சமயத்தில் கண்டுகொண்ட அந்தச் சகோதரர்கள், கழற்றி மாட்டக்கூடிய டயருக்கு 1891-ல் உரிமம் பெற்றார்கள். அதே ஆண்டில் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் சென்று பாரிஸுக்குத் திரும்பும் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் பந்தயத்தில் ஷார்ல் தெரோன் வெற்றி பெற்றது இந்த டயரில்தான். அடுத்த ஆண்டு, பாரிஸிலிருந்து தங்கள் ஊருக்கு ஒரு பந்தயம் வைத்து, வழியில் ரகசியமாக ஆணிகளை இறைத்துவைத்து, பஞ்சரானாலும் நிமிஷக் கணக்கில் சரிசெய்துகொண்டு போகலாம் என்பதை எல்லோருக்கும் நிரூபித்தார்கள் என்று அவர்களுடைய கம்பெனிச் சரித்திரம் கூறுகிறது. ஆணி இறைத்த செயலை நான் புகழவில்லை. அவர்கள் விற்க வந்த சரக்கு எது என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்: ஓட்டுகிறவனே சாலையோரத்தில் பழுதுபார்த்துக்கொள்ளும் சக்தி, அதுவே சரக்கு.

இங்கிலாந்தில் சார்ல்ஸ் கிங்ஸ்டன் வெல்ச் 1890-ல் வகுத்ததோ இன்னும் எளிய முறை; டயரின் இரு ஓரங்களிலும் நீளாத கம்பியை வைத்து, நடுவில் பள்ளமான ரிம்மில் அதை உட்காரச் செய்தார். இன்று உங்கள் வீட்டுச் சைக்கிள் டயரின் ஓரத்தைத் தடவிப் பார்த்தால் விரலில் அகப்படுவது அந்தக் கம்பிதான். டயரின் ஓர் ஓரத்தை ரிம்மின் நடுப்பள்ளத்தில் தள்ளினால் எதிர்ப்புறம் தளர்ந்து வெளியே வந்துவிடும். இந்த யுக்தி இல்லாவிட்டால் டயர் இந்த உருவத்தில் இருக்கக் காரணமே இல்லை. பிற்பாடு இங்கிலாந்திலிருந்து நம் நாட்டுக்கு வந்த ராலே, ஹெர்குலிஸ் முதலிய சைக்கிள்களில், சட்டத்திலேயே பம்பு மாட்டுவதற்கு இரண்டு முளைகள் பற்றவைக்கப்பட்டிருந்ததையும், சீட்டுக்குப் பின்னால் ஒரு தோல் பை தொங்கியதையும் பழையவர்கள் பார்த்திருப்பார்கள். பம்பும் பையும் அதிகப்படியான சாமான்கள் என்று அந்தச் சைக்கிளைச் செய்தவர்கள் நினைக்கவில்லை. அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு வண்டியை மாத்திரம் வைத்துக்கொண்டவர்கள் நாம்.

கஷ்டமான வேலை என்கிறார்களே, அதையும் பார்த்துவிடுவோம். நம் பழைய மாதிரிச் சைக்கிளில் பின்சக்கரத்தைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை; செயின் கவரையும் ஸ்டாண்டையும் கேரியரையும் தொடாமல், வண்டியைச் சாய்த்து வைத்தே வேலையை முடித்துவிடலாம் என்பது நம் தெருவோரத் தொழிலாளர்கள் உலகுக்குக் காட்டிய சாமர்த்தியம். முதலில் வால்வைச் சோதிக்க வேண்டும். பாதி வேளைகளில் குற்றவாளி டியூப் அல்ல, வால்வைப் போர்த்தியிருக்கும் வால்டியூப் வெப்பத்தில் இளகியோ கிழிந்தோ போயிருக்கும். அரை விரல் நீளத் துண்டு ஒன்றை மாற்றிவிட்டுப் புறப்படலாம். ஓட்டைதான் என்று தெரிந்தால், டயரின் ஒரு பக்கத்து ஓரத்தை மாத்திரம் லீவரால் நெம்பி வெளியே எடுத்து, டியூபை உருவி, சிறிது காற்றடித்து, தண்ணீர் இருந்தால் அதில் அமிழ்த்தியும், இல்லாவிட்டால் கன்னத்தருகே கொண்டுவந்து காற்று படுகிறதா என்று பார்த்தும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். அந்த இடத்தை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, சொல்யூஷனை மெல்லியதாகத் தடவி, விரல் வைத்தால் ஒட்டாத பதம் வரும்வரை, நாலைந்து நிமிஷம், சும்மா இருக்க வேண்டும். பழக்கமில்லாதவர் ஒட்டிய ஒட்டு பிய்ந்து வருவதற்கு அநேகமாக ஒரே காரணம், ஈரம் உலர்வதற்குமுன் அவசரப்பட்டு அழுத்திவிடுவதுதான். வேலை கடினம் என்ற அபவாதம் இந்த அவசரத்தினால் பிறந்தது. ஒட்டை அழுத்திப் பதித்த பிறகு, டியூபை உள்ளே போடுமுன், குத்திய முள் டயரிலேயே இருக்கிறதா என்று உட்புறத்தை ஜாக்கிரதையாகத் தடவிப் பார்க்க வேண்டும். இதை மறந்தால் நூறு அடி போவதற்குள் அதே முள் மறுபடியும் வேலை செய்யும். திரும்ப மாட்டும்போது லீவரை உபயோகிக்காமல் கட்டைவிரல்களாலேயே தள்ளுவது நல்லது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்புகிறவர் ஓர் ஓட்டையை அடைக்கப் போய் இரண்டு ஓட்டைக்கு அதிபதியாவார். டயரிலேயே வெட்டு விழுந்து டியூப் பிதுங்கும் நிலையில், பழைய டயர்த் துண்டு ஒன்றையோ, நாலாக மடித்த பத்து ரூபாய் நோட்டையோ உள்ளே கொடுத்து வீடு வந்து சேரலாம். இவ்வளவுதான் வித்தை, கற்றுக்கொள்ள ஒரு பிற்பகல் போதும். பழகியவருக்கு இருபது நிமிஷத்து வேலை. பம்பையும் சேர்த்து எல்லாச் சாமான்களும் அரைக் கிலோவுக்குள் அடங்கும். நிறையத் தண்ணீர் பிடித்த ஒரு பெரிய பாட்டில் அதைவிடக் கனமானது, அதைச் சுமப்பவரைப் பார்த்து யாரும் இமயமலையைப் பற்றி விசாரிப்பதில்லை.

பம்பு பஞ்சருக்குப் பின்னால்தான் பயன்படும் என்றும் நினைத்துவிட வேண்டாம். பஞ்சர்களில் ஒரு பகுதி முள்ளாலோ ஆணியாலோ வருவதல்ல; காற்றுக் குறைந்த டயர் பள்ளத்தில் இறங்கும்போது, டியூப் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே நசுங்கி, அருகருகே இரண்டு கிழிசல்கள் உண்டாகின்றன. வேளைக்கு வேளை காற்றடித்து ஓட்டுகிறவருக்கு இந்த வகை அநேகமாக வருவதேயில்லை.

இங்கே என் கட்சிக்குள்ளேயே இருக்கும் சில நவீனர்களோடும் எனக்கு ஒரு சிறு வழக்கு உண்டு. அவர்கள் பை வைத்திருக்கிறார்கள். ஆனால் அதில் ஒட்டும் சொல்யூஷனும் இல்லை. ஒரு மாற்று டியூபும், பதினாறு கிராம் கரியமில வாயு அடைத்த ஒரு சிறு உலோகக் குப்பியுமே அவர்களுடைய ஆஸ்தி. முதல் பஞ்சருக்கு அது ராஜ வைத்தியம்தான். மழையிலும் இருட்டிலும் ஒட்டிக்கொண்டிராமல் டியூபை மாற்றுவதே விவேகம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முள் கணக்குப் பார்த்துக் குத்துவதில்லை. இரண்டாவது முள்ளுக்கு அவர்களிடம் பதில் இல்லை. குப்பியும் ஒரு தடவைக்கு மேல் உதவாது. அந்த வாயுவோ சாதாரணக் காற்றைவிட விரைவாக ரப்பரின் வழியே கசிந்து போய்விடும், மறுநாள் எப்படியும் பம்பைத் தேட வேண்டும். மாற்று டியூபை வைத்துக்கொள்ளட்டும். அதனோடு ஒட்டும் பம்பும் இருந்துவிட்டால் எத்தனை முள் குத்தினாலும் கவலையில்லை.

சுயசார்பு என்பதை மூர்க்கமாகவும் செய்யலாம் என்பதற்கு உதாரணம் உண்டு. 1913-ஆம் ஆண்டு டூர் த பிரான்ஸ் பந்தயத்தில் யுஜேன் கிறிஸ்டோப் என்பவருக்குத் தூர்மலே மலைப்பாதையில் முன் போர்க் முறிந்தது. பிறர் உதவி கூடாது என்பது அன்றைய விதி. அவர் வண்டியைத் தோளில் சுமந்து அடிவாரத்துக் கிராமத்துக்கு நடந்துசென்று, அங்கிருந்த கொல்லன் உலையில் தம் கையாலேயே இரும்பைக் காய்ச்சி அடித்துச் சரிசெய்தார். ஒரு சிறுவன் துருத்தி ஊதிக் கொடுத்தான் என்பதற்காக நடுவர்கள் அவருக்கு அபராதமும் விதித்தார்கள். அத்தகைய நியதியை நான் எவருக்கும் சிபாரிசு செய்யவில்லை. ஆனால் அதன் நியாயமான பகுதி இன்றும் ஜீவித்திருக்கிறது. சென்னை, கோவை முதலிய இடங்களிலிருந்து பிரெவே எனப்படும் நெடும்பயணங்களை மேற்கொள்கிறவர்கள், 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள்ளும், 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்துக்குள்ளும் முடித்தாக வேண்டும்; குறித்த நிலையங்களைத் தவிர இடைவழியில் தங்களுக்கென்று உதவி வாகனம் எதையும் பின்தொடரச் செய்துகொள்ளக் கூடாது. அவர்களில் பஞ்சர்ப் பை இல்லாமல் புறப்படுகிறவரைக் காண்பது அரிது. அந்தப் பையைக் கண்டு சிரிப்பவரும் அவர்களுக்குள் இல்லை.

கடைசியாக, ஏழைத் தொழிலாளியின் பெயரால் வரும் ஆட்சேபம். மற்ற வாதங்களைவிட இதற்குத்தான் சபையில் கைதட்டல் அதிகம். என் அபிப்பிராயத்தில் எல்லாவற்றிலும் சத்தியக் குறைவானதும் இதுவே. புளியமரத்தடி மனிதரின் தொழில் போனது, பையை மாட்டிக்கொண்டு போன நாலு பேரால் அல்ல. சைக்கிளை விட்டு மோட்டார் வாகனத்துக்கு மாறிய லக்ஷக்கணக்கானவர்களால். அவரிடத்தில் இரக்கம் கொண்டு பேசுகிறவர்களில் பலர் அந்த லக்ஷத்தில் அடங்கியவர்கள். ஆளில்லாத சாலையில் ஐந்து மணிக்கு நானே ஒட்டிக்கொண்ட பஞ்சரால் அவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் அவர் கடையில் இருந்ததேயில்லை. மாறாக, வழியில் நின்றுபோவோம் என்ற பயம் இல்லாமையால் சைக்கிளை விடாமல் ஓட்டுகிறவர்தான், கோட்டம் எடுக்கவும், கம்பி மாற்றவும், ஆண்டுக்கு ஒரு தரம் ‘ஓவராயில்’ செய்யவும் அவரைத் தேடிப் போகிறார். தம் கையால் ஒரு தரமாவது ஒட்டிப் பார்த்தவர், அந்த வேலையில் உள்ள நுட்பத்தை அறிந்தவராதலால், அவர் கேட்கும் கூலியில் பத்து ரூபாயைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசமாட்டார்.

உண்மையான காரணத்தை ஒருவரும் வெளியே சொல்வதில்லை. மைபோன்ற எண்ணெயும் சாலைப் புழுதியும் படிந்த கையோடு நடுவழியில் குந்தியிருப்பதை நாலு பேர் பார்ப்பார்களே என்ற கூச்சம் அது. படிக்காத பையனைப் பார்த்து, ‘பஞ்சர் ஒட்டத்தான் லாயக்கு’ என்று வைகிற வீடுகளில் வளர்ந்த நமக்கு, அந்த வேலையைச் செய்யும்போது அந்த வசவு காதில் கேட்பதில் ஆச்சரியம் இல்லை. கைவேலை இழிவு, அதைச் செய்பவன் நமக்குக் கீழே என்ற பழைய நோய், இங்கே தொழிலாளியின் மேலுள்ள கருணையாக வேஷம் தரித்து வந்திருக்கிறது. அவருடைய ஜீவனத்தில் அக்கறை உள்ளவர்கள் அவருக்கு நல்ல கூலி கொடுக்கட்டும். தம் கை அழுக்காகாமல் இருப்பதற்கு அவருடைய வறுமையை நியாயமாகக் காட்ட வேண்டாம்.

வயோதிகர்களையும், கையில் பலமில்லாதவர்களையும், கடைத்தெருவுக்குள்ளேயே சுற்றி வருபவர்களையும் நான் வற்புறுத்தவில்லை. மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளி ஆசிரியராயிருந்தால், புது மிதிவண்டி வந்து இறங்கும் வாரத்தில் ஒரு பிற்பகலை ஒதுக்கி, பிள்ளைகளைத் தங்கள் தங்கள் சக்கரத்தைத் திறந்து மூடச் சொல்லுங்கள். பக்கத்துப் பஞ்சர் கடைக்காரரையே அழைத்து, உரிய சம்பாவனை கொடுத்து, அவரைக்கொண்டு கற்பிக்கச் செய்வது இன்னும் சிலாக்கியம். வீட்டில் சைக்கிள் வைத்திருப்பவரானால், அவசரம் ஒன்றும் இல்லாத ஒரு நாளில், நல்ல வெளிச்சத்தில், பின்சக்கரத்தின் காற்றை நீங்களே இறக்கிவிட்டு, டியூபை வெளியே எடுத்து ஓர் ஒட்டுப் போட்டுப் பாருங்கள். ஒரு முறை திறந்த சொல்யூஷன், மூடி வைத்தாலும் சில மாதங்களில் குழலுக்குள்ளேயே காய்ந்துவிடும். ஆகையால் பழகுவதற்கு ஒன்றும், பையில் திறக்காமல் வைப்பதற்கு ஒன்றுமாக இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.